நண்டுக்கு எத்தனை கோர்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், தமிழ்ப் படைப்பாளர் முன்னேற்ற வாரியம் இயங்கி வந்தது. இயங்கி வந்தது என்பது வாரியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. நாம் அதற்குப் பொறுப்பேற்க முடியாது. லிஃப்ட் கிடையாது. படியேறி மூச்சிரைக்க வந்து நிற்பவரை வரவேற்கக் கதவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: ‘படைப்பாளியின் வேகமே எங்கள் வேகம்.’

அந்தப் பலகையில் இருந்ததை நாளிதழ் விளம்பரத்தில் படித்துவிட்டுத்தான் புஷ்பவல்லி கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தாள். முப்பத்தாறு வயது. பகலில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா அறிக்கையும் வடிவமைப்பாள். மற்ற நேரமெல்லாம் நண்டு. போர்ட் கிள்ளான் பக்கத்துச் சேற்றில் ஒரு கொடுக்கு பெருத்தும் மற்றது சிறுத்தும் இருக்கிற குட்டி நண்டுகள் உண்டு; பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும். அப்படி ஒரு நண்டு, போகிற வருகிற கப்பலுக்கெல்லாம் கையாட்டிவிட்டு, பதிலுக்கு ஒரு கப்பலாவது கையாட்டாதா என்று காத்திருக்கிற கதையை அவள் இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தாள். பதின்மூன்று நிமிட அனிமேஷன் படம்.

ஒரு தொலைக்காட்சி நிலையம் அதைப் பிள்ளைகள் நேரத்தில் போட ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை. ஆகஸ்டு பத்தொன்பது, திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் முழுப் படமும் வந்து சேர வேண்டும். தவறினால் அந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த வாய்ப்பு எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

வரைந்தது முடிந்துவிட்டது, குரல் பதிவும் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஓடுகிற படமாக்கித் தர வேண்டியது கணினியின் வேலை. அங்கேதான் வந்தது வினை. அவளுடைய கணினி கிழடு. ஒரு காட்சியைக் கொடுத்தால் ஒன்பது மணி நேரம் முனகிவிட்டு நின்றுவிடும். தோழி ஒருத்தியின் மடிக்கணினியில் முயன்றாள். மூன்றாவது காட்சியில் அது சூடேறி உயிரை விட்டது, நட்பும் லேசாக ஆட்டம் கண்டது. கையிலிருந்த சேமிப்பு அந்த வருடம் அம்மாவின் கண் அறுவைக்குப் போயிருந்தது. இந்த நேரத்தில்தான் ‘படைப்பாளிக்குக் கணினி’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. கெடுவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. ஏழு வாரம் எதேஷ்டம் என்று அவள் நினைத்தாள். பாவம், அவள் அதற்கு முன்பு எந்த வாரியத்துக்கும் போனதில்லை.

அலுவலகத்தில் இராஜம்மா இருந்தார். வாரியத்தின் ஒரே சம்பள ஊழியர். விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். நான்காவது கேள்வியில் புஷ்பவல்லியின் பேனா நின்றது.

‘தேவைப்படும் கணினி: சிங்கிள் கோர் / டூவல் கோர். ஒன்றை மட்டும் குறியிடுக.’

“அக்கா, இது பழைய பாரமா?”

“இல்லலா, போன மாசந்தான் பிரிண்ட் பண்ணோம். சூடா இருக்கு.”

“சிங்கிள் கோர் டூவல் கோர்லாம் இப்ப யாரு புதுசா விக்கறாங்க, அக்கா? நான் வெச்சிருக்கற கெழடே டூவல் கோர்தான். அதால முடியாமத்தானே இங்க வந்தேன்.”

“அது எனக்கும் தெரியும்மா. மேல இருக்கறவங்க என்னக் கேட்டா பாரம் எழுதறாங்க?”

கணினி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோர் என்பது கணினியின் மூளைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு முன்னால் ஓர் ஆளா இரண்டு ஆளா என்பதே பெரிய கேள்வி. இன்றைக்கு மீன் விற்கிறவரின் சட்டைப்பையில் கிடக்கிற கைப்பேசிக்குள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரியத்துக்கு மட்டும் இந்தச் செய்தி முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

செயலாளர் தியாகராசா உள்ளறையிலிருந்து வந்தார். யாழ்ப்பாண வழிவந்தவர்; அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் தடித்த கூட்டக் குறிப்பேடு ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு பிழை சொல்ல முடியாத கையெழுத்து.

“பிள்ளை, உது பழைய கேள்வி இல்லை. முடியாத கேள்வி,” என்றார். பிறகு விளக்கினார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாரியம் கூடி, படைப்பாளிகளுக்குக் கணினி வழங்குவது என்று முடிவு செய்தது. வாங்கப் போவது சிங்கிள் கோரா டூவல் கோரா என்று ஆராய ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைந்தது. குழு முடிவு சொன்னதும் வாங்கலாம், அதுவரை வேறெதுவும் வாங்கக் கூடாது என்பது தீர்மானம். தலைவர், டத்தோ பட்டம் பெற்ற ரெங்கசாமி, சிங்கிள் பக்கம். துணைத்தலைவர் வேலாயுதம் டூவல் பக்கம். மற்ற இருவரில் ஆளுக்கொரு பக்கம். செயலாளர் நடுநிலை. அந்த மற்ற இருவரும் இடையில் காலமாகிவிட்டார்கள். ஆனால் அவர்கள் அளித்த வாக்குகள் குறிப்பேட்டில் இருப்பதால் இன்னும் செல்லும். பதினெட்டு ஆண்டுகளில் துணைக்குழு நூற்றுப் பதினான்கு முறை கூடிவிட்டது. கடற்காற்றில் எந்தக் கோர் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க லங்காவித் தீவுக்குக் குடும்பத்தோடு ஆய்வுப் பயணமும் போய் வந்தது.

“அப்ப இதுவரைக்கும் எத்தன பேருக்கு கம்ப்யூட்டர் குடுத்திருக்கீங்க, அங்கிள்?”

“ஒவ்வொரு வருசமும் விழா வைச்சிருக்கிறம்,” என்றார் தியாகராசா. கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்பது படியிறங்கிப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இரண்டு பெட்டியிலும் குறியிடாவிட்டால் பாரம் செல்லாது, இரண்டிலும் குறியிட்டாலும் செல்லாது. அவள் டூவல் கோரில் குறியிட்டாள். இரண்டாவது வாரம் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

டத்தோ ரெங்கசாமி தம்முடைய பதினேழு புகைப்படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றிலும் பொன்னாடை. ஒரு நாற்காலி தள்ளி வேலாயுதம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் புஷ்பவல்லியைப் பார்த்தார்கள்.

“என்ன படம்மா?” என்றார் டத்தோ.

“நண்டுப் படம், டத்தோ. அனிமேஷன்.”

“நண்டுக்கு எத்தன காலு?”

“எட்டு காலு, ரெண்டு கொடுக்கு.”

வேலாயுதம் நிமிர்ந்தார். “மொத்தம் பத்து. பத்தும் ஒரே நேரத்துல ஆடுதா?”

“நடக்கறப்ப ஆடும், சார்.”

“செயலாளர், எழுதிக்குங்க. பத்தும் ஒரே நேரத்துல ஆடுது. டூவல் கோர் இல்லாம முடியாது.”

“ஏன் முடியாது?” என்றார் டத்தோ. “ஒவ்வொரு காலா ஆட்டட்டும். சிங்கிள் கோர் போதும். ஏம்மா, அந்த நண்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கக் கூடாதா? நான் இருபத்தஞ்சு வருஷமா இந்த நாற்காலியில சும்மாதான் உக்காந்திருக்கேன். ஏதாவது கொறஞ்சு போச்சா?”

தியாகராசா எழுதிக்கொண்டார்.

“படைப்பாளிக்கு வேகம் எதுக்கு?” டத்தோ சூடானார். “வேகமா செஞ்சா வேல முடிஞ்சு போயிரும். முடிஞ்சு போச்சுன்னா அப்புறம் அவனுக்கு வாரியம் எதுக்கு? ஒரு நேரத்துல ஒரு வேலதான் செய்யணும். நான் அப்படித்தான். காலையில ஒரு மால போட்டுக்கிட்டா, சாயங்காலந்தான் அடுத்த மால.”

வேலாயுதம் விட்டுக்கொடுக்கவில்லை. “ரெண்டு இருந்தாத்தான் ஒன்னு வேல செய்யறப்ப ஒன்னு ரெஸ்ட் எடுக்கும். நம்ம வாரியத்தையே எடுத்துக்குங்க. தலைவர் வேல செய்யறப்ப நான் ரெஸ்ட். நான் வேல செய்யறப்ப அவரு ரெஸ்ட்.”

இருவரும் ஒரே சமயத்தில் ஓய்வெடுத்த ஆண்டுகளைப் பற்றி அவர் எதுவும் குறிப்பிடவில்லை.

புஷ்பவல்லிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. “டத்தோ, உங்க கையில இருக்கற போன்லயே எட்டு கோர் இருக்கு.”

டத்தோ கைப்பேசியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “எட்டா? இதுக்கு யாரு அப்ரூவல் குடுத்தா?”

“எனக்குத் தெரிய ஒருத்தரும் குடுக்கேல்ல,” என்றார் தியாகராசா, குறிப்பேட்டைப் புரட்டியபடி.

டத்தோ கைப்பேசியை மேசைமேல் வைத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். நேர்முகத் தேர்வு அத்துடன் முடிந்தது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. துணைக்குழுவின் பரிசீலனைக்கு உதவியாக, விண்ணப்பதாரர் சிங்கிள் கோருக்கும் டூவல் கோருக்கும் மும்மூன்று கடைகளில் விலைப்பட்டியல் வாங்கி, கடை முத்திரையோடு சமர்ப்பிக்க வேண்டும். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் கோலாலம்பூரில் கணினிக் கடைகள் அடுக்கியிருக்கும் பேரங்காடி ஒன்றுக்குப் போனாள். முதல் கடைச் சீனர் கேட்டுவிட்டுச் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர் தம் கூட்டாளியையும் கூப்பிட்டுச் சேர்ந்து சிரித்தார். மூன்றாவது கடைக்காரர் வயதானவர், சிரிக்கவில்லை. அவளை உட்கார வைத்து, “தங்கச்சி, யாரு உன்ன ஏமாத்தனாங்க?” என்று மலாயில் விசாரித்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு விலைப்பட்டியல் தாளை எடுத்தார். சிங்கிள் கோர் என்று எழுதி அதற்கு நேரே ‘தாக் அடா’ என்று எழுதினார். இல்லை என்று பொருள். இன்னொரு தாளில் டூவல் கோருக்கும் ‘தாக் அடா’. இரண்டு தாளிலும் கீழே கடையின் சாப்பை, அதாவது முத்திரையை, குத்தி நீட்டினார். மற்ற இரண்டு கடையிலும் அதே மாதிரி எழுதி வாங்கிக்கொண்டாள். இதைப் பார்த்தாலாவது அவர்களுக்குப் புத்தி வரும் என்று ஒரு நப்பாசை.

தியாகராசா ஆறையும் பரப்பி வைத்து, ஒவ்வொரு சாப்பையும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“நல்ல வேலை, பிள்ளை. பதினெட்டு வருசத்தில ஆறு சாப்போட வந்த முதல் விண்ணப்பம் உம்முடையதுதான்.”

“அங்கிள், அதுல இல்லன்னு எழுதியிருக்கு.”

“அது விலை. விலையைப் பாக்கிறது துணைக்குழுவின்ர வேலை. என்ர வேலை சாப் இருக்கோ எண்டு பாக்கிறது.”

துணைக்குழு நூற்றுப் பதினைந்தாம் முறையாகக் கூடியது. மூன்று கடையும் ஒரே மாதிரி சொல்லியிருப்பதால் போட்டி நியாயமாக நடந்திருக்கிறது என்று பாராட்டியது. எது குறைந்த விலை என்று முடிவு செய்ய முடியாததால் அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தது.

ஐந்தாவது வாரம் அவள் மறுபடி படியேறினாள். உள்ளே நுழையும்போதுதான் இராஜம்மாவின் மேசையைச் சரியாகப் பார்த்தாள். பூப்போட்ட துணிப் போர்வைக்கு அடியில் ஒரு புதுக் கணினி. போர்வையின்மேல் சாப்பாட்டு டப்பா.

“இது எத்தன கோர், அக்கா?”

இராஜம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பதினாறு. போன வருஷம் வாங்கனாங்க. ஆபீஸ் சாமானுக்குத் தீர்மானம் வேணாமாம்.”

“இதுல என்ன செய்வீங்க?”

“கணினி தர முடியலன்னு லெட்டர் அடிப்பேன்.”

புஷ்பவல்லி நேராக உள்ளறைக்குப் போனாள். வருத்தத்தையும் கோபத்தையும் விழுங்கிக்கொண்டு, கணினியே வேண்டாம், அந்த மேசைக் கணினியை ஒரு நாள் பயன்படுத்திக்கொள்ள விட்டால் போதும் என்று கேட்டாள். தியாகராசா பேனாவை மூடி வைத்தார்.

“அது நிர்வாகக் கணினி, பிள்ளை. அதில படைப்பு வேலை செய்தா அது படைப்புக் கணினியாப் போயிடும். பிறகு அதுக்கு எத்தனை கோர் எண்டு துணைக்குழு கேக்கும். நான் என்னத்தைச் சொல்லுறது?”

அந்த மனிதர் கெட்டவரில்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, உண்மையான பரிவோடு, வரப்போகும் விழாவில் அவளுடைய பெயரை முதலில் கூப்பிட ஏற்பாடு செய்தார். ‘கொள்கையளவில் ஏற்கப்பட்ட படைப்பாளர்’ என்று அழைப்பிதழும் கையில் கொடுத்தார். ஆகஸ்டு பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. கணினி வழங்கும் விழா. கெடுவுக்கு முந்தின நாள்.

அழைப்பிதழில் கணினி வழங்கும் விழா என்று அச்சடித்திருந்ததால் கணினி வழங்குவார்கள் என்று அவள் நம்பினாள். படம் முழுதும் அடங்கிய ஹார்ட் டிஸ்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கணினியை ஏற்றிக்கொண்டு போக அச்சகத்து வேனுக்கும் சொல்லி வைத்தாள்.

வாரியத்துக்கு எதிர் மண்டபத்தில் நடந்த இரண்டு மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் நான்கு மணிக்கு வந்தார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. டத்தோ ரெங்கசாமி முழங்கினார்: “பதினெட்டு வருஷமா இந்தத் திட்டத்துல ஒரு தப்புகூட நடந்ததில்ல. ஏன்? நாங்க எதையும் அவசரப்பட்டுச் செய்யல. செஞ்சாத்தானே தப்பு வரும்!” மண்டபம் கைதட்டியது.

பிறகு பதினொரு படைப்பாளிகளில் முதலாவதாகப் புஷ்பவல்லியைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தங்கத் தாள் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய பெட்டியைச் சிறப்பு விருந்தினர் நீட்டினார். இரு கையாலும் வாங்கினாள். பெட்டி வேகமாக மேலே வந்துவிட்டது. உள்ளே காற்றுதான் இருந்தது. கேமரா நான்கு முறை மின்னியது.

மேடைப் படிக்குக் கீழே இராஜம்மா கையை நீட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. “பொட்டிய குடுத்துரு மா. இன்னும் பத்து பேரு இருக்காங்க. ஒரே பொட்டிதான்.”

“கம்ப்யூட்டர்?”

“அது தீர்மானம் ஆனப்புறம். வருஷா வருஷம் இப்படித்தாம்மா. போட்டோ எடுத்துட்டு பொட்டிய திரும்ப வாங்கிருவோம்.”

ஏழு வாரம், எத்தனை ரயில், எத்தனை படி, ஆறு சாப். நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணி. அவள் பெட்டியைக் கொடுக்கவில்லை. நடந்துபோய் முன்வரிசையில், சிறப்பு விருந்தினரின் காலி நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

மேடையில் அடுத்த படைப்பாளி, செராஸைச் சேர்ந்த மரபுக் கவிஞர் ஒருவர், பொன்னாடையோடு கையை நீட்டியபடி நின்றார். சிறப்பு விருந்தினரும் கையை நீட்டியபடி நின்றார். நடுவே எதுவும் இல்லை. புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அறிவிப்பாளர் “இதோ... இதோ...” என்று மூன்று முறை சொல்லிவிட்டு நிறுத்தினார். சிறப்பு விருந்தினருக்கு அடுத்து சுங்கை பூலோவில் ஒரு திறப்பு விழா. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

டத்தோவும் வேலாயுதமும் ஒன்றாக ஓடி வந்தார்கள். அவர்கள் ஒன்றாக ஓடியது அதுவே முதல் தடவை.

“என்னம்மா இது? பொட்டிய குடு! போட்டோ நின்னு போச்சு!”

“இது என் பேரச் சொல்லிக் குடுத்தது, டத்தோ. மைக்குல சொன்னீங்க. எல்லாரும் கேட்டாங்க.”

“அதுல ஒன்னும் இல்லம்மா!”

“தெரியும். அந்த ஒன்னும் இல்லாதது இல்லாம உங்களால ஒன்னும் செய்ய முடியாதுன்னும் இப்பத் தெரியுது.” அவள் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டர் எனக்கு வேணும். இப்ப. இன்னிக்கி ஒரு நாளைக்கி. சாவிய குடுங்க, பொட்டிய தரேன்.”

டத்தோ தியாகராசாவைப் பார்த்தார். தியாகராசா வியர்க்க வியர்க்கக் குறிப்பேட்டைப் புரட்டினார். பெட்டி திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. துணைக்குழுவின் நூற்றுப் பதினாறாம் கூட்டம் மேடைப் படியருகே நின்றபடியே நடந்தது. டத்தோ முன்மொழிந்தார், வேலாயுதம் வழிமொழிந்தார். ஒருமனதாக நிறைவேறியது. எத்தனை கோர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மொத்தம் மூன்று நிமிடம். பெட்டி மேடைக்குத் திரும்பியது.

இராஜம்மா சாவியோடு முன்னால் போனார். மூன்றாம் மாடியில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கீழே வைத்து, போர்வையை விலக்கினார். புஷ்பவல்லி மென்பொருளை ஏற்றி, ஹார்ட் டிஸ்கைச் செருகி, பதின்மூன்று நிமிட நண்டையும் மொத்தமாகக் கொடுத்தாள். திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில்.

முப்பத்தெட்டாவது நிமிடத்தில் படம் முடிந்தது. நண்டு ஒரு தடவைகூட நிற்காமல் பத்தையும் ஆட்டிக்கொண்டு நடந்தது. தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று பதில் வந்தது.

இராஜம்மா விழாவில் கிடைத்த மீ ஹூன் சேமியாப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். “அதான் முடிஞ்சிருச்சுல்ல. ஏம்மா அழுவுற?”

“முப்பத்தெட்டு நிமிஷ வேல, அக்கா. இந்த மேசையிலயே இருந்திருக்கு. இதுக்கு ஏழு வாரம் என்னைய நாயா அலையவிட்டாங்களே.” சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷம் வரவில்லை. வந்தது எரிச்சல்தான். அதோடுதான் மீ ஹூனைச் சாப்பிட்டாள்.

படம் ஒளிபரப்பான மறுநாள் நாளிதழில் டத்தோ ரெங்கசாமியின் அறிக்கை வந்தது. வாரியத்தின் கணினித் திட்டம் எவ்வளவு சரியானது என்பதற்கு நண்டுப் படமே சாட்சி. ஆகவே திட்டம் எந்த மாற்றமும் இல்லாமல் மேலும் பதினெட்டு ஆண்டுகளுக்குத் தொடரும். பக்கத்தில் அவள் புகைப்படம், பொன்னாடையோடு, பெட்டியோடு.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் காஜாங்கிலிருந்து ஜெயமாலா என்று ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். இசையமைப்பவளாம். வாரியத்தின் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாளாம்.

“அக்கா, நாலாவது கேள்வியிலயே நிக்கறேன். நீங்க வாங்கியிருக்கீங்க, அதான் கேக்கறேன். சிங்கிள் கோரா, டூவல் கோரா? எதுல டிக் பண்ணா கெடைக்கும்?”

“எதுல வேணும்னாலும் பண்ணும்மா,” என்றாள் புஷ்பவல்லி. “மேடையில ஒரு பொட்டி குடுப்பாங்க. அத மட்டும் கையவிட்டு விட்டுறாத.”

எதிர்முனையில் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. “சரிக்கா. பொட்டி ரொம்ப வெயிட்டா இருக்குமா?”

“இல்லம்மா,” என்றாள் புஷ்பவல்லி. “வெயிட்டே இருக்காது.”